வேலிக்குள் நிற்கும் மான் யாருடையது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுள் ஒன்றான யூட்டாவில் ஓர் அக்டோபர் மாத விடியலை மனக்கண்ணில் கொண்டுவருவோம். மலைச்சரிவின் மேற்பாதி அரசுக்குரிய காடு. கீழ்ப்பாதி தனியொருவரின் மேய்ச்சல் பண்ணை. இரண்டுக்கும் நடுவே கம்பிவேலி. இரவெல்லாம் காட்டில் நின்ற எல்க் மான் கூட்டம், வேட்டைக்கு வந்தோரின் வண்டியொலி கேட்டதும் வேலியைத் தாண்டிப் பண்ணைக்குள் இறங்கிவிடுகிறது. மேலே நிற்பவரிடம் அரசு வழங்கிய அனுமதிச் சீட்டு இருக்கிறது. பல ஆண்டுகள் காத்திருந்து குலுக்கலில் பெற்றது. ஆயினும் அவர் அவ்வேலியைத் தாண்ட இயலாது. கீழே தம் வீட்டு முற்றத்தில் நிற்பவருக்கு நிலம் சொந்தம். அவர் புல்லைத்தான் அம்மான்கள் மேய்கின்றன. ஆயினும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவற்றுள் ஒன்றையேனும் அவர் சுட இயலாது. ஒருவரிடம் மானுக்கான இசைவு உண்டு, நிலம் இல்லை. மற்றவரிடம் நிலம் உண்டு, மான் இல்லை.

இம்முடிச்சை அவிழ்க்க அந்நாட்டின் மேற்கு மாநிலங்கள் பல, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரு வழியைக் கையாண்டு வருகின்றன. பெருவிலங்கு வேட்டைக்கான அனுமதிச் சீட்டுகளில் ஒரு பகுதியை நிலவுடைமையாளரிடமே கொடுத்துவிடுவது அவ்வழி. அவர் அவற்றை விரும்பிய விலைக்கு விற்றுக்கொள்ளலாம். ஈடாக, எஞ்சிய சீட்டுகளைக் குலுக்கலில் பெற்ற பொதுமக்களுக்கு அவர் தம் வாயிலைத் திறந்துவிட வேண்டும். கேட்பதற்கு எளிய பண்டமாற்றாகவே தோன்றும். ஆனால் இங்கே கைமாறுவது எது, அதனை மாற்றித்தர அரசுக்கு என்ன உரிமை, பொதுமக்களின் கையில் உண்மையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்னும் வினாக்கள் துப்பாக்கியைத் தொட்டறியாதவரையும் சிந்திக்க வைப்பவை.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உரிமை, உரிமம், அனுமதி ஆகிய மூன்றையும் நாம் அன்றாட எழுத்தில் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குகிறோம். இப்பொருளைப் பேசும்போது அவ்வாறு செய்தால் பிழை நேரும். ஒருவர் வேட்டையாடத் தகுதி பெற்றவர் என்பதைக் காட்டுவது உரிமம். இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன விலங்கில் ஒன்றை வீழ்த்தலாம் என்பது அனுமதி. அதற்கான சீட்டை வீழ்த்திய விலங்கின் உடலில் கட்டிவிட வேண்டும் என்பதால் ஒரு சீட்டு ஒரு விலங்கோடு முடிந்துவிடும். உரிமை என்பது இவ்விரண்டுக்கும் மேலானது. 'பண்ணையாளர் வேட்டை உரிமையை விற்கிறார்' என்று ஒரு மாணவர் எழுதினால், சொல்லளவில் மட்டுமன்றிச் சட்டத்தளவிலும் அது தவறு. அவர் விற்பது, அரசு தம்மிடம் ஒப்படைத்த அனுமதியும் தம் நிலத்துக்குள் நுழைவும் மட்டுமே. மான்மீது அவருக்கு எவ்வுரிமையும் இல்லை; ஆகவே அதனை விற்கவும் இயலாது.

மான்மீது அவருக்கு ஏன் உரிமை இல்லை? இதற்கு விடை காண இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். நார்மானிய மன்னர்கள் காடுகளை வளைத்து, அவற்றிலுள்ள மான்களைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டனர். மானைக் கொன்றவன் கண்ணையும் கையையும், சில வேளைகளில் உயிரையும் இழந்தான். 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம், அரசனின் மானுக்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்று அக்கொடுமையைக் குறைத்தது. ஆயினும் வேட்டை மேன்மக்களின் தனியுடைமையாகவே நீடித்தது. 1671ஆம் ஆண்டின் சட்டம், ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் நிலம் உடையவரே வேட்டையாடலாம் என்றது. தன் வயலில் பயிரை மேயும் முயலைக்கூட அடிக்க இயலாத உழவர்களே அந்நாட்டில் மிகுதி. 1723ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்', முகத்தில் கரிபூசி வந்து மான் திருடுவோருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

அமெரிக்காவில் குடியேறியோர் இந்நினைவுகளைச் சுமந்து சென்றவர்கள். 1777ஆம் ஆண்டின் வெர்மான்ட் அரசமைப்பு, குடிமக்கள் தம் நிலத்திலும் வேலியிடப்படாத பிற நிலங்களிலும் வேட்டையாடலாம் என்று எழுதிவைத்தது. 'வேலியிடப்படாத' என்னும் அந்த ஒரு சொல்லைக் குறித்துக்கொள்க. இன்றைய பூசல்கள் அனைத்தும் அதிலிருந்தே கிளைக்கின்றன. 1842இல் நியூ ஜெர்சியின் சிப்பிப் படுகைகளைப் பற்றிய வழக்கொன்றில், மன்னனிடமிருந்த நீர்நிலை உரிமை விடுதலைக்குப்பின் மக்களிடம் வந்துவிட்டது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1896இல் கனெக்டிகட் மாநில வழக்கில், காட்டு விலங்குகளை மக்களின் பொருட்டு மாநிலம் காத்துவருகிறது என்றது. மாநிலம் விலங்குகளின் 'உரிமையாளர்' என்னும் கருத்தை 1979இல் அந்நீதிமன்றமே கைவிட்டது. ஆனால் மாநிலம் அவற்றின் காப்பாளர் என்னும் கருத்து மாநிலச் சட்டங்களில் நிலைத்துவிட்டது.

இக்காப்பு முறையை விளக்க நமக்கு நல்லதொரு சொல் உண்டு: அறங்காவல். கோவில் நகையும் நிலமும் அறங்காவலரின் பொறுப்பில் இருக்கும். ஆனால் அவருடையவை அல்ல. அவற்றைப் பேணலாம், அவற்றின் வருவாயைக் கோவிலுக்குச் செலவிடலாம், கணக்குக் காட்ட வேண்டும். தம் உறவினருக்கு எடுத்துக் கொடுக்க இயலாது. அமெரிக்க மாநிலத்தின் காட்டுயிர்த் துறையும் எல்க் மானுக்கு அத்தகைய அறங்காவலரே. அனுமதிச் சீட்டில் ஒரு பகுதியை நிலவுடைமையாளரிடம் கொடுப்பது, அறங்காவலர் கோவில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போன்றது. விடலாம், ஆனால் குத்தகைப் பணம் கோவிலுக்கு வந்ததா என்று கேட்க ஊராருக்கு உரிமை உண்டு.

அப்படியானால் நிலவுடைமையாளரிடம் பேரம் பேசுவதே எதற்கு? விலங்கு பொதுவுடைமை என்றால் அனைத்துச் சீட்டுகளையும் குலுக்கலில் விட்டுவிடலாமே என்று வினவலாம். இவ்விடத்தில் மலையின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

யூட்டாவின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நடுவண் அரசுக்குரியது. எண்ணிக்கையளவில் பொதுமக்களுக்கு இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்தின்கீழ் 160 ஏக்கர் வீதம் நிலம் பெற வந்தவர்கள் மலையுச்சியைக் கேட்கவில்லை. ஆற்றங்கரையையும் ஊற்றையும் புல்வெளியையும் தேர்ந்துகொண்டனர். எவரும் விரும்பாத பாறையும் உயர்மலையும் வறண்ட நிலமுமே அரசிடம் எஞ்சின. எல்க் மான் கோடையில் அரசின் உயர்மலையில் மேயும். பனி பொழியத் தொடங்கியதும் கீழிறங்கும். எது பிழைக்கும், எது மடியும் என்பதைத் தீர்மானிக்கும் குளிர்கால மாதங்களை அது கழிப்பது பெரும்பாலும் தனியார் பள்ளத்தாக்குகளில்தான். நம் கடமானுக்கு உறவான இவ்விலங்கில் வளர்ந்த ஆண் 300 கிலோகிராமுக்கும் மேல் எடை கொள்ளும். அத்தகைய நூறு விலங்குகள், மாடுகளுக்கெனச் சேர்த்து வைத்த உலர்புல் போரில் ஓர் இரவு இறங்கினால் விடியலில் என்ன மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வேலி சாய்ந்துகிடக்கும். குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் வேரோடு மிதிபட்டிருக்கும். நம் நாட்டில் செம்பனைத் தோட்டத்தில் யானை இறங்கிய காலையைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று: யானை அரசின் பாதுகாப்பிலுள்ளது, மிதிபட்ட கன்றுகள் தோட்டக்காரருடையவை.

1900ஆம் ஆண்டையொட்டி வட அமெரிக்கா முழுவதிலும் எல்க் மான்கள் ஓர் இலட்சத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. நகரச் சந்தைக்கு இறைச்சி விற்ற தொழில்முறை வேட்டைக்காரர்களே அதற்குப் பெருங்காரணம். 1900ஆம் ஆண்டின் லேசி சட்டமும் மாநிலச் சட்டங்களும் அச்சந்தையை மூடின. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதுமான 11 விழுக்காட்டு வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கெனத் திருப்பிவிட்டது. இன்று எல்க் மான்கள் ஏறத்தாழ ஒரு மில்லியன் உள்ளன. இவ்வெற்றியே பண்ணைக்காரரின் தலைவலியாயிற்று. காட்டு மானின் இறைச்சியை விற்பது இன்றும் குற்றம்; அம்மானை வீழ்த்துவதற்கான சீட்டை விற்பது பல மாநிலங்களில் குற்றமில்லை. இம்முரணை அமெரிக்கர்களுள்ளும் பலர் கவனிப்பதில்லை.

நிலவுடைமையாளருக்கு ஈடு தரவேண்டும் என்பது புதிய கருத்தன்று. ஆல்டோ லியோபோல்ட் தலைமையிலான குழு 1930இல் முன்வைத்த அமெரிக்க வேட்டைவிலங்குக் கொள்கை இதனை வெளிப்படையாகவே கூறியது. விலங்கு வாழும் நிலத்தைப் பேணுபவர் உழவரே. அவருக்கு அதனால் எவ்வூதியமும் இல்லையென்றால் புதரை வெட்டிச் சதுப்பை வடித்து உழுதுவிடுவார். சட்டம் விலங்கைக் காக்கலாம், புதரைக் காக்க இயலாது என்பது அக்கொள்கையின் உட்கிடை. 1931இல் விஸ்கான்சின் மாநிலத்து ரைலி என்னும் சிற்றூரில், உழவர் சிலரையும் நகரத்து வேட்டைக்காரர் சிலரையும் ஒன்றுசேர்த்து அவர் ஒரு கூட்டுறவையே தொடங்கினார். நகரத்தார் செலவை ஏற்றனர். உழவர் நிலத்தைத் தந்தனர். இன்றைய திட்டங்களுக்கு அச்சிறிய ஊரே முன்னோடி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரைலியில் இருதரப்பாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்தவர்கள். இன்று உடா பண்ணையின் சீட்டை வாங்குபவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வானூர்தியில் வந்திறங்குபவராகவும் இருக்கலாம்.

யூட்டாவின் 'கூட்டுறவுக் காட்டுயிர் மேலாண்மை வட்டத்' திட்டம் 1990களில் உருவானது. மியூல் மானுக்கு 5,000 ஏக்கர், எல்க் மானுக்கும் மூஸ் மானுக்கும் 10,000 ஏக்கர் தொடர்ச்சியான நிலம் வேண்டும். ஒருவரிடம் அவ்வளவு இல்லையென்றால் அண்டை நிலத்தாரோடு சேர்ந்துகொள்ளலாம். பெயரிலுள்ள 'கூட்டுறவு' என்னும் சொல்லுக்கு அதுவும் ஒரு பொருள். 10,000 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40 சதுரக் கிலோமீட்டர். இத்திட்டத்தில் இணைந்துள்ள தனியார் நிலம் மொத்தம் இரண்டு மில்லியன் ஏக்கருக்கு மேல். சிலாங்கூர் மாநிலத்தின் பரப்புக்கு ஏறத்தாழ ஈடு. மாநிலத்தின் வடகிழக்கிலுள்ள டெசரெட் பண்ணை ஒன்றே சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரியது.

பங்கீடு இவ்வாறு நிகழ்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் எத்தனை விலங்குகளை வீழ்த்தலாம் என்பதை மாநிலத்தின் காட்டுயிர் வாரியம் முடிவு செய்யும். பண்ணை உரிமையாளர் தம் பங்குக்கான உறுதிச்சீட்டுகளைப் பெற்று விற்பார். வாங்கியவர் அதனை மாநிலத்திடம் கொடுத்து அனுமதியாக மாற்றிக்கொள்வார். பொதுமக்களின் பங்கு மாநிலக் குலுக்கலில் போகும். அதில் வென்றவர் அரசுக் கட்டணம் மட்டுமே செலுத்தி அப்பண்ணைக்குள் வேட்டையாடலாம். மூஸுக்கும் புரோங்ஹார்னுக்கும் உரிமையாளருக்கு 60, பொதுமக்களுக்கு 40 என்னும் விகிதம். எல்க், மியூல் மான் ஆகியவற்றுக்கு உரிமையாளர் சில விகிதங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு முனையில், கொம்புள்ள ஆண் விலங்குகளில் 90 விழுக்காடு அவருக்கு, 10 விழுக்காடு பொதுமக்களுக்கு. அதற்கு ஈடாகக் கொம்பில்லாதவை அனைத்தும் பொதுமக்களுக்கு. மறுமுனையில் 75க்கு 25. அப்போது கொம்பில்லாதவற்றிலும் அவருக்குப் பங்குண்டு.

கொம்புள்ளவை, கொம்பில்லாதவை என்னும் இப்பாகுபாட்டில்தான் இத்திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஓர் எல்க் கூட்டம் பெருகுவதும் குறைவதும் பெண் விலங்குகளைப் பொறுத்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பெண்களையே வீழ்த்த வேண்டும். ஆனால் பணம் படைத்தவர் விலை கொடுப்பது ஆறு கிளை விரிந்த கொம்புக்கு. நல்ல கொம்புடைய ஆண் எல்க்குக்கான தனியார் சீட்டு பல ஆயிரம் டாலருக்கு விலைபோகும். பெண் எல்க்குக்கான சீட்டில் கிடைப்பது ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சி. அதற்கு அத்தகைய சந்தை இல்லை.

இதனை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளவும் கூடும். ஒரு கற்பனைப் பண்ணைக்கு 20 ஆண் எல்க் சீட்டுகளும் 40 பெண் எல்க் சீட்டுகளும் ஒதுக்கப்பட்டன என்போம். 90க்கு 10 என்னும் விகிதத்தில் ஆண் சீட்டுகளில் 18 உரிமையாளருக்கு, 2 பொதுமக்களுக்கு. பெண் சீட்டுகள் 40உம் பொதுமக்களுக்கு. ஆக மொத்தம் 60 சீட்டுகளில் 42 பொதுமக்களுடையவை, 70 விழுக்காடு. அறிக்கையில் இவ்வெண்ணை அச்சிட்டால் பொதுமக்களே பெரும்பங்கு பெறுவதாகத் தோன்றும். விலைபோகும் சீட்டுகளை மட்டும் எண்ணினால் அவர்களுடைய பங்கு பத்தில் ஒன்று. இரண்டு எண்களுமே உண்மை. எதிர்ப்பாளர் இரண்டாவதை மட்டும் கூறுவர். ஆதரவாளர் முதலாவதை மட்டும் கூறுவர்.

எனினும் எதிர்ப்பாளர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இத்திட்டம் இல்லாவிடில் அப்பண்ணைக்குள் பொதுமக்களுக்குக் கிடைப்பது 42 அன்று, பெரும்பாலும் ஒன்றுமில்லை. வாயில் பூட்டியே கிடக்கும். பொதுநிலத்தில் துப்பாக்கி வெடித்ததும் எல்க் கூட்டம் அப்பூட்டிய நிலத்துக்குள் புகுந்துவிடக் கற்றுக்கொள்கிறது. அங்கே அது பெருகும், அண்டை நிலத்துப் போரை அழிக்கும், அதற்கான இழப்பீட்டை மாநிலமே தரவேண்டி வரும். ஆகவே பெண் எல்க்குக்கான அந்த 40 சீட்டுகள் பொதுமக்களுக்கு இட்ட எச்சில் அல்ல. நாற்பது குடும்பங்களுக்கு இறைச்சி கிடைக்கிறது. கூட்டமும் அளவில் நிற்கிறது. கொம்பை மட்டுமே பெருமையாகக் கருதும் வேட்டைப் பண்பாட்டின் அளவுகோலை நாமும் ஏற்றுக்கொண்டு, இறைச்சியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது முறையாகாது.

என் மதிப்பீட்டில், எண்ணிக்கையைவிட முதன்மையானது, குலுக்கலில் வென்றவர் வாயிலுக்குள் சென்றபின் என்ன நடக்கிறது என்பதே. யூட்டாவின் விதிகள், ஆண் விலங்குக்குக் குறைந்தது ஐந்து நாள்களும் கொம்பில்லாததற்குக் குறைந்தது இரண்டு நாள்களும் பொதுமக்களுக்குத் தரப்பட வேண்டும் என்கின்றன. ஆனால் எந்த ஐந்து நாள்கள்? எல்க் ஆண்கள் குரலெழுப்பித் துணை தேடும் செப்டம்பர் மாதத்திலா, அவை ஒடுங்கிவிட்ட பின்னரா? பண்ணையின் எப்பக்கம்? விலைகொடுத்தவரை வழிகாட்டி அழைத்துச் செல்லும் ஓடைக்கரையிலா, மான் அருகியே வரும் வறண்ட மேட்டிலா? ஒரே வகைச் சீட்டு, ஒரே பண்ணை; ஆயினும் இரண்டு வேட்டைகள் ஒன்றாகாமல் போக இடமிருக்கிறது. வட்டங்களுக்கான ஒப்புதல் பொதுக்கூட்டத்தில் பேசப்பட்டு வாரியத்தால் வழங்கப்படுகிறது. முறையீடுகளைக் கேட்க ஒரு குழுவும் உண்டு. அறங்காவலின் கணக்கு அங்கேதான் பார்க்கப்படுகிறது. எத்தனை சீட்டு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த நாள், எந்த இடம் என்று கேட்கும் குடிமகன் அக்கூட்டத்துக்கு வந்தால்தான் அக்கணக்குக்குப் பொருள் உண்டு.

நியூ மெக்சிகோ வேறு வழியில் சென்றது. அங்கே எல்க் மானுக்கான தனியார் நிலத் திட்டத்தில் உரிமையாளருக்கு இரு வகை வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, தம் பண்ணைக்குள் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு. மற்றொன்று, அம்மேலாண்மை வட்டாரம் முழுவதிலும், பொதுநிலத்திலும்கூடச் செல்லுபடியாகும் சீட்டு. இரண்டாவதைக் கேட்பவர், அவ்வட்டாரத்தில் அனுமதி பெற்ற எவருக்கும் தம் நிலத்தைத் திறந்துவிட வேண்டும். ஏட்டில் இது நேர்மையான மாற்று: என் நிலம் உங்களுக்கு, உங்கள் நிலம் எனக்கு.

நடைமுறையில் துலாக்கோல் ஒருபக்கம் சாய்வதற்கு இடமுண்டு. மான் அதிகம் தங்காத சிறு நிலமுடைய ஒருவர் வட்டாரச் சீட்டைப் பெற்று விற்றால், வாங்கியவர் அச்சிறு நிலத்தில் காலடிகூட வைக்காமல் நேரே பொதுக்காட்டுக்குச் சென்று வேட்டையாடுவார். பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது மானில்லாத நிலம். அவர்கள் இழந்தது மானுள்ள தங்கள் காட்டில் ஒரு வாய்ப்பு. மேலும், அம்மாநிலத்தின் குலுக்கலில் 84 விழுக்காடு மாநில மக்களுக்கும், 10 விழுக்காடு பதிவுபெற்ற வழிகாட்டிகளோடு செல்வோருக்கும், 6 விழுக்காடு வெளிமாநிலத்தவருக்கும் எனச் சட்டம் வரையறுத்துள்ளது. தனியார் சீட்டுகள் குலுக்கலுக்குள் வாராதவை. ஆதலால் அவ்வரையறை அவற்றைக் கட்டுப்படுத்தாது. முன்வாயிலில் நூலளந்து நிறுத்தப்படும் வெளிமாநிலச் செல்வர், பணமிருந்தால் பக்கவாயிலால் வரலாம். யூட்டாவின் முறையில் உரிமையாளர் விற்பது தம் வேலிக்குள் நிற்கும் மானுக்கான வாய்ப்பு. நியூ மெக்சிகோவின் வட்டாரச் சீட்டில் அவர் விற்பது பிறருடைய காட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது. பின்னது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பிற மாநிலங்களைச் சுருங்கப் பார்க்கலாம். கொலராடோவில் 12,000 ஏக்கருக்குக் குறைந்த பண்ணைக்கு இடமில்லை. பொதுமக்களுக்கான பங்கு அம்மாநில மக்களுக்கு மட்டுமே. நெவாடாவில் தனியார் நிலத்தில் மேயும் மான்களின் தலையை எண்ணி, 50க்கு ஒன்று எனச் சீட்டு தரப்படுகிறது. அது பங்கீடு என்பதைவிடப் பயிரழிவுக்கான இழப்பீடு. மொன்டானா மக்கள் பொதுவாகச் சீட்டைத் தனியார் கையில் கொடுக்க விரும்பாதவர்கள். அங்கே வாயிலைத் திறக்கும் உரிமையாளருக்கு மாநிலம் பணமாகவே கொடுத்து ஏழு மில்லியன் ஏக்கர் அளவுக்கு நிலத்தைத் திறந்து வைத்திருக்கிறது. ஆயினும் அங்கும் 2001ஆம் ஆண்டு முதல், ஓர் உரிமையாளருக்கு ஓர் எல்க் சீட்டு, ஈடாகப் பொதுமக்கள் நால்வருக்கு நுழைவு என்றோர் ஒப்பந்தம் இருந்துவந்தது. 2021இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நால்வர் மூவராயினர், அம்மூவரில் ஒருவரை உரிமையாளரே தேர்ந்துகொள்ளலாம் என்றும் ஆயிற்று. விகிதங்கள் ஒருமுறை எழுதப்பட்டால் அசையாமல் நிற்பவை அல்ல என்பதற்கு இதுவே சான்று. அசையும் திசையையும் கவனிக்க வேண்டும்.

வேட்டை உரிமையை நிலத்தோடு பிணைத்துவிட்ட நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் பிரபுக்களிடமிருந்த வேட்டை உரிமை நிலவுடைமையாளருக்குச் சென்றது. பொதுவாக 75 எக்டருக்கு மேல் தொடர்ச்சியான நிலமுடையவருக்குத் தனி வேட்டைப் பகுதி. சிறு நிலத்தார் சட்டப்படி ஒரே கூட்டமைப்பாகச் சேர்க்கப்பட்டுத் தம் பகுதியைக் குத்தகைக்கு விடுவர். அங்கே குலுக்கலும் இல்லை, மேலே வருணித்த முடிச்சும் இல்லை. ஆனால் நிலமோ குத்தகைப் பணமோ அழைப்போ இல்லாத ஒருவர் வேட்டையாடுவது அரிது. அமெரிக்கர் விட்டு வந்த உலகின் சாயல் அதில் உண்டு என்பதாலேயே அவர்கள் அவ்வழியை நாடத் தயங்குகின்றனர்.

இனி, வேலிக்கே திரும்புவோம். இப்பேரத்தில் நிலவுடைமையாளர் தரும் பொருள் நுழைவு என்று கண்டோம். அந்நுழைவில் எவ்வளவு உண்மையில் அவருடையது? 1862இல் இருப்புப்பாதை அமைக்க, ஒரு மைல் பக்கமுடைய சதுரங்களாக நிலத்தை வகுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடர்வண்டிக் குழுமங்களுக்குக் கொடுத்தனர். சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் தனியாருக்கும் வெள்ளைக் கட்டங்கள் அரசுக்கும் என்றால் எப்படியிருக்கும்? ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல, மூலைப்புள்ளியை மட்டுமே தாண்ட வேண்டும். அம்மூலையைத் தாண்டும்போது உடல் தனியார் நிலத்தின் மேலுள்ள காற்றைக் கடக்கிறது. ஆகவே அது அத்துமீறல் என்று உரிமையாளர்கள் வாதிட்டனர். இதனால், சுற்றியுள்ள நிலத்தை வாங்கியவர் நடுவிலுள்ள பொதுக்கட்டங்களையும் விலையின்றியே தம் தனி வேட்டைக்காடாக்கிக்கொள்ள முடிந்தது.

2021இல் வயோமிங் மாநிலத்தில் வெளிமாநில வேட்டைக்காரர் நால்வர் இரும்பு ஏணியொன்றைச் செய்து எடுத்துச்சென்றனர். மூலைக் கம்பங்களின்மேல் அதனை நிறுத்தி, ஒரு பொதுக்கட்டத்தில் ஏறி அடுத்த பொதுக்கட்டத்தில் இறங்கினர்; தனியார் மண்ணைத் தொடவில்லை. 2022இல் நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. பண்ணை உரிமையாளர் பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த உரிமை வழக்கில் 2023இல் கீழ் நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்களின் பக்கமே தீர்ப்பளித்தன. பொதுநிலத்துக்குச் செல்லும் வழியை வேலியிட்டு மறிக்கக்கூடாது என்னும் 1885ஆம் ஆண்டுச் சட்டமே அத்தீர்ப்புக்கு அடிப்படை.

யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, வயோமிங் ஆகியவை அவ்வட்ட நீதிமன்றத்தின் ஆட்சிப்பரப்பில் உள்ளன. இம்மாநிலங்களில் மூலைகளால் அடைபட்டுக் கிடந்த பொதுநிலத்தில் நிற்கும் எல்க்குக்கு இனி எவரும் நுழைவு விலை கேட்க இயலாது. தம் புல்லும் தம் நீரும் கொடுத்துத் தம் வேலிக்குள் காத்த எல்க்குக்கு மட்டுமே உரிமையாளர் சீட்டுக் கேட்கலாம். மொன்டானா அவ்வட்டத்துக்கு வெளியே இருக்கிறது; அங்கு இத்தீர்ப்பு செல்லாது.